யாரும் கண்டுக்காத ரிசீவர், வர்ற சீசன்ல பந்து வருமா? நேர்ல பாத்தவங்க எழுதுங்க

குளிர்நாட்டு டிஏ

நவம்பர்ல நடந்தது, இன்னும் மண்டைய விட்டுப் போகல, அதான் எழுதுறேன். நான் டீச்சிங் அசிஸ்டன்ட், இருக்கறது அமெரிக்கன் ஃபுட்பால்ல மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்ங்கற காலேஜ் லீக்ல ஆடற ஒரு ஸ்கூல் (இங்க காலேஜத்தான் அப்படி சொல்றது), எதுன்னு வேணாம், பையன் இன்னும் டீம்ல இருக்கான், ரிசீவர், அதாவது குவாட்டர்பேக் எறியற பந்த ஓடிப்போய் புடிக்கறவன். என் ஸ்டாட்ஸ் லேப்ல காலைல 8 மணி செக்ஷன், 5:30 வொர்க்கவுட் முடிச்சுட்டு ஈரத் தலையோட வந்து முன்வரிசைல உக்காருவான். வாக்-ஆன். ஸ்காலர்ஷிப் கிடையாது.

புதன்கிழமை ராத்திரி மேட்ச், நம்ம கான்ஃபரன்ஸ் நவம்பர்ல டிவிக்காக வார நாள்ல ஆடுறது உங்களுக்கே தெரியும், ஸ்டேடியத்துல பாதி கூட ரொம்பல, நான் எண்ட்ஸோன் மூலைல கீழ் வரிசைல நிக்கிறேன். நாலாவது குவாட்டர், தேர்ட் அண்ட் எய்ட், அதாவது மூணாவது முயற்சி, இன்னும் எட்டு யார்ட் போகணும். இவன் ஸ்லாட்ல இருந்து கிளம்புறான், நடுவுல போற மாதிரி ஒரு எட்டு வெச்சான், எதிர் ஆள் அப்படியே உள்ள சாஞ்சுட்டான், இவன் மூலைக்குத் திரும்பிட்டான். பக்கத்துல ஒருத்தருமே இல்ல. கைய தூக்கிட்டு நேரா எங்க முன்னாடி வந்து நிக்கிறான். குவாட்டர்பேக் இந்தப் பக்கம் திரும்பிக் கூட பாக்கல, அந்தப் பக்கம் பெரிய ரிசீவருக்கு எறிஞ்சாரு, ரெண்டு பேர் சூழ்ந்து நின்னாங்க, பந்து கீழ. இவன் கைய எறக்கிட்டு ஓடிப்போய் கீழ விழுந்து கெடந்த குவாட்டர்பேக்க கை குடுத்து தூக்கிவிட்டான். ஸ்கோர் ஷீட்ல அந்த ராத்திரி இவன் பேருக்கு நேரா எதுவுமே இல்ல.

மேட்ச் முடிஞ்சு 11:40 இருக்கும், பார்க்கிங் லாட்ல தனியா பையத் தூக்கிட்டு போறான். அந்த கார்னர் ரூட்ல நீ ஃப்ரீயா இருந்தியேப்பான்னு சொன்னேன். நின்னுட்டான். நீங்க பாத்தீங்களான்னு கேட்டான். பாத்தேன்னேன். திரும்பவும் கேட்டான், நெஜமா பாத்தீங்களான்னு. அப்புறம், அடுத்த வருஷம் 105ல இருப்பேனான்னு தெரியலன்னான். எனக்கு அப்ப அது என்னன்னே தெரியாது, 105ன்னு ஏதோ கோர்ஸ் பத்தி கேக்கறான்னு நெனச்சு, அதெல்லாம் கண்டிப்பா கெடைக்கும்னு சொல்லி சிரிச்சுட்டு கார் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, காலேஜ் ஆட்டக்காரங்க போட்ட கேஸ்ல 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட செட்டில்மென்ட்ல சேர்ந்த ஸ்கூல்களுக்கு ஃபுட்பால் ரோஸ்டர், அதாவது டீம் பட்டியல், 105 பேரோட நின்னுடணும், முன்ன மாதிரி எத்தன வாக்-ஆன் வேணா வெச்சுக்க முடியாது. எங்க ஸ்கூலும் சேர்ந்துடுச்சு. அவன் எவ்ளோ பெரிய விஷயத்த சொன்னான், நான் என்ன சொல்லிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

வர்ற சீசன பொறுத்தவரைக்கும் என் நம்பிக்கை இதுதான்: மூணு பெரிய ரிசீவர்ல ஒருத்தர் படிப்பு முடிச்சுட்டாரு, ஒருத்தர் போர்ட்டல் வழியா, அதாவது ஸ்கூல் மாற பேர் குடுக்கற லிஸ்ட் வழியா, பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போயிட்டாரு. அவங்களுக்குப் போன பந்தெல்லாம் யாருக்காவது போய்த்தான ஆகணும். உங்க ஊர்ல இந்த மாதிரி ஒருத்தன நேர்ல பாத்திருக்கீங்களா, அவன் கடைசில என்ன ஆனான்?

கார்வாலிஸ் பழசு

2013 ஆகஸ்ட் 31, ஆரிகன் ஸ்டேட்ல எனக்கு முதல் டேர்ம் கூட இன்னும் தொடங்கல, ஆரஞ்சு டி-ஷர்ட் வாங்கிப் போட்டுட்டு ரீசர் ஸ்டேடியம் போனேன், நாங்க ரேங்க்ல 25, எதிர்ல வந்தது ஈஸ்டர்ன் வாஷிங்டன், கீழ் டிவிஷன் டீம், பணம் குடுத்து கூப்ட்டு அடிச்சு அனுப்பற மேட்ச்னு ரூம்மேட் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான். அங்க 10ஆம் நம்பர் போட்ட ஒரு பையன். வேகமா ஓடற மாதிரியே தெரியல, ஆனா பந்து வர்ற எடத்துல அவன் மட்டும்தான் இருக்கான். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் புரோகிராம் புக்க தொறந்து, வெரல வெச்சு அந்த நம்பர தேடினாரு. அந்த வெரல்தான் எனக்கு இன்னும் ஞாபகம். கூப்பர் கப், ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷம் மேட்ச் ஆடாம இருந்தவன்), யாக்கிமாக்காரன், அவனோட முதல் காலேஜ் மேட்ச். 5 கேட்ச், 119 யார்ட், 2 டச்டவுன். நாங்க 49-46 தோத்தோம்.

பெரிய டிவிஷன்ல ஒரு ஸ்கூல் கூட அவனுக்கு ஸ்காலர்ஷிப் தரல. ஈஸ்டர்ன் வாஷிங்டன் இருக்கற செனி ஊர்ல அந்த செவப்பு டர்ஃப்ல நாலு வருஷம் ஆடி 428 கேட்ச், 6,464 யார்ட், 73 டச்டவுன். 2021 சீசன்ல என்எஃப்எல்ல, அதாவது ப்ரோ லீக்ல, ராம்ஸ் டீமுக்காக 145 கேட்ச், 1,947 யார்ட், 16 டச்டவுன், மூணுலயும் லீக்லயே முதல் எடம், அந்த சீசன் ஃபைனலான சூப்பர் பவுல்ல சிறந்த ஆட்டக்காரரும் (எம்விபி) அவன்தான். டிஏ, உங்க பையனுக்கு இத சொல்லுங்க.

நாப்பது யார்ட்

கார்வாலிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா இத அந்தப் பையன்கிட்ட போய் சொல்லிடாதீங்க. கப்புக்கு அப்பாவும் தாத்தாவும் என்எஃப்எல் ஆடினவங்க, வீட்ல சின்ன வயசுலயே ரூட் எப்படி ஓடணும், டிஃபன்ஸ எப்படி படிக்கணும்னு சொல்லிக் குடுக்க ஆள் இருந்துச்சு. 40 யார்டு 4.62 செகண்ட்ல ஓடினான்னு எல்லாரும் அத மட்டும் பேசுறாங்க, ஆள் 6 அடி 2 இன்ச்ங்கறத விட்டுடறாங்க. காலேஜ் ஆடறவங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேர் கூட என்எஃப்எல் போறதில்ல. ஒரு கப்ப காட்டி எத்தன வீட்ல கடன் வாங்க வெக்கிறோம்னு யோசிங்க.

நான் பாத்தத சொல்றேன். டெக்சஸ்ல எங்க தெருவுலயே ஒரு பையன், ஹைஸ்கூல் ரிசீவர், வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே அவன் பேர கத்தும், என் பொண்ணு பேண்ட்ல ட்ரம்பட் வாசிச்சா அதனால எல்லா மேட்ச்சும் நான் இருந்தேன். வாக்-ஆனா ஒரு பெரிய ஸ்கூலுக்குப் போனான். மூணு வருஷம் கழிச்சு தேங்க்ஸ்கிவிங் லீவுல வீட்டு வாசல்ல அவங்க அம்மாவோட காருக்கு டயர் மாத்திட்டு இருந்தான், எப்படி போகுது சீசன்னு கேட்டேன். சார், நான் ஸ்கவுட் டீம், வர்ற வாரம் எந்த டீமோட மேட்ச்சோ அந்த டீமோட ரிசீவர் மாதிரி நடிச்சு ஓடுவேன்னு சொன்னான். சொல்லும்போது டயர்ல இருந்து கண்ண எடுக்கவே இல்ல. நான் ஏன்டா கேட்டோம்னு ஆயிடுச்சு.

வால்டோ வடக்கு கேட்

நம்ம கான்ஃபரன்ஸ்ல இருந்து வந்தா யாரும் பாக்கறதில்லங்கற மாதிரி போகுது பேச்சு, அது எனக்கு ஒத்துவரல. நான் வெஸ்டர்ன் மிச்சிகன், கலமசூ, 2016. கோரி டேவிஸ். காலேஜ் ஃபுட்பால் மேல் டிவிஷன்லயே மொத்த ரிசீவிங் யார்டு ரெக்கார்டு அவர் பேர்ல இருக்கு, 5,200க்கு மேல, ஒஹையோ ஸ்டேட் அலபாமா ஆள் யாரும் இல்ல, எங்க ஊர் ஆள். 2017 டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல் டீம்ங்க வரிசையா காலேஜ் ஆளுங்கள எடுக்கறப்ப, 5ஆவது ஆளா டைட்டன்ஸ் எடுத்தாங்க. சென்ட்ரல் மிச்சிகன்ல அன்டோனியோ பிரவுன் வாக்-ஆனா வந்தவர்தான், டிராஃப்ட்ல 195ஆவது, அதுக்கப்புறம் பிட்ஸ்பர்க்ல என்ன பண்ணாருன்னு சொல்லணுமா.

2016 நவம்பர்ல கேம்டேங்கற காலேஜ் ஃபுட்பால் டிவி ஷோ கலமசூவுக்கே வந்துச்சு, விடியறதுக்கு முன்னாடியே போய் நின்னோம், கையில ஃபிளாஸ்க்ல டீ, எல்லாம் ஆறிப்போச்சு. என் பக்கத்துல ஒரு பாட்டி, எழுவது வயசுக்கு மேல இருக்கும், நாப்பது வருஷமா சீசன் டிக்கெட் வெச்சிருக்காங்களாம், கேமரா எங்க பக்கம் திரும்பினப்ப அழுதுட்டாங்க. அவ்ளோதான். அந்த சீசன் 13-0ன்னு போய் காட்டன் பவுல்ல விஸ்கான்சின்கிட்ட 24-16 தோத்தோம், அன்னைக்கும் டேவிஸ் டச்டவுன் புடிச்சாரு.

நாப்பது யார்ட், உங்க தெருப் பையன் கதை உண்மைதான், நெஞ்ச அழுத்துது. ஆனா அவன் பெரிய ஸ்கூலுக்குப் போனதாலதான் ஸ்கவுட் டீம்ல மாட்டினான். எங்க ஸ்கூல் மாதிரி வந்திருந்தா களத்துல ஆடியிருப்பான்.

நாப்பது யார்ட்

ஆடியிருப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? டிஏவோட பையன் உங்க கான்ஃபரன்ஸ்லதான் இருக்கான், ஃப்ரீயா நிக்கிறான், பந்து வரல.

டைகர் டவுன் வாடகை வீடு

சண்டை வேணாம், நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். 2017 ஜனவரி 9, கிளெம்சன்ல எங்க அபார்ட்மென்ட், ஒம்போது பேர், எல்லாரும் எம்எஸ். அலபாமாவோட ஃபைனல், தாம்பால. 6 செகண்ட் பாக்கி, 2 யார்ட் லைன், நாங்க 31-28 பின்னாடி. ஃபீல்டு கோல் அடிச்சா டை. அடிக்கல. ஸ்னாப், டிஷான் வாட்சன் வலது பக்கம் போறாரு, உள்பக்கமா வந்த ரிசீவரும் எதிர் டீம் டிஃபன்ஸ் ஆளும் இடிச்சுக்கறாங்க, அந்த சந்துல 13ஆம் நம்பர் தனியா நிக்கிறாரு. புடிச்சாச்சு. 1 செகண்ட் பாக்கி. மதுரைல இருந்து புதுசா வந்த பையன் ஒருத்தன், ரூல்ஸே தெரியாது அவனுக்கு, எல்லாரும் கத்தி முடிச்சப்புறம் மெதுவா கேட்டான்: அண்ணா, அவர ஏன் யாருமே புடிக்கல?

இப்பவும் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு பதில் கெடையாது. ஹன்டர் ரென்ஃப்ரோ, மிர்ட்டில் பீச், ஹைஸ்கூல்ல குவாட்டர்பேக், கிளெம்சனுக்கு வாக்-ஆனா வந்து அப்புறம் ஸ்காலர்ஷிப் வாங்கினவரு. பாத்தா லைப்ரரில பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கற ஸ்டூடண்ட் மாதிரிதான் இருப்பாரு. டிஏ சொன்ன அந்த ஒரு எட்டு வெச்சு உள்ள சாய வெக்கற வித்தை இருக்கே, அது இவருக்கும் இருந்துச்சு. அது 40 யார்ட் டைம்ல தெரியாது. ஆனா ஒண்ணு, அவருக்கு எறிய ஒரு வாட்சன் இருந்தாரு. உங்க பையனோட சீசன் அவன் கையில மட்டும் இல்ல டிஏ, குவாட்டர்பேக் கண்ணு எந்தப் பக்கம் போகுதுங்கறதுலதான் இருக்கு.

போர்ட்டல் அப்பா

என் மகன் ஜார்ஜியால ஹைஸ்கூல் ரிசீவர், போன வருஷம் ஒரு கேம்ப்ல அவன் வரிசைல நின்னு மூணு மணி நேரத்துல நாலே தடவதான் ஓட விட்டாங்க, கார்ல வீடு வர்ற வரைக்கும் பேசல. என் கதை அவ்ளோதான். ஆனா டிஏ அந்தப் பையனுக்கு இத எல்லாம் எடுத்துச் சொல்லணும். முதல்ல ஸ்பெஷல் டீம்ஸ், பன்ட் கவரேஜ்ல வெளி ஓரத்துல ஓடற கன்னர் வேலைய கேட்டு வாங்கணும், 105ல கடைசி எடங்கள முடிவு பண்றப்ப, ரிசீவரா மட்டும் இருக்கறவன விட நாலு யூனிட்ல ஓடறவனத்தான் கோச் வெச்சுப்பாரு. ரெண்டாவது பிளாக் பண்றத விடக்கூடாது, ரன் பிளேல ரிசீவர் பிளாக் பண்ணலன்னா ஃபிலிம்ல அசிங்கமா தெரியும். அப்புறம் ஃபிலிம், பந்து வந்த பிளே மட்டும் வெட்டி ஒட்டக்கூடாது, ஃப்ரீயா நின்னு பந்து வராத பிளேயும் சேக்கணும், மேல இருந்து 22 பேரும் தெரியற ஆங்கிள்ல, அத பாக்கற கோச்சுங்க இருக்காங்க. போர்ட்டல்ல கையில ஆஃபர் இல்லாம பேர் குடுக்கவே கூடாது, பேர் குடுத்துட்டா பழைய ஸ்கூல் எடம் வெச்சுக்கணும்னு கட்டாயம் இல்ல, எத்தனையோ பசங்க நடுத்தெருவுல நிக்கிறாங்க. மாறினா கிரெடிட் எத்தன கூட வரும்னு ரெஜிஸ்ட்ரார்கிட்ட எழுத்துல வாங்கணும், ஸ்டாட்ஸ் படிக்கற பையன், அது முக்கியம். எஃப்சிஎஸ், டிவிஷன் 2 மாதிரி கீழ் டிவிஷன் எல்லாத்தையும் கேவலமா நெனக்கக் கூடாது, அங்க ஒரு சீசன் 60 பந்து வந்தா அது ஒரு வாழ்க்கை. பூகா நகுவா வாஷிங்டன் காலேஜ்ல ஆரம்பிச்சு பிஒய்யூங்கற காலேஜுக்கு மாறினவருதான், 177ஆவது ஆளா டிராஃப்ட் ஆகி முதல் சீசன்லயே 105 கேட்ச், 1,486 யார்ட், ரெண்டும் அப்ப ரூக்கி (முதல் வருஷ ஆள்) ரெக்கார்டு. கடைசியா, ஸ்பிரிங் தொடங்கறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கோட தெனம் அரை மணி நேரம், அவன் கிளாஸ் எத்தன மணிக்கு முடியுதுன்னு தெரிஞ்சு வெச்சுகிட்டு வாசல்ல போய் நிக்கணும்.

வால்டோ வடக்கு கேட்

அண்ணே, அவர் அட்வைஸ் கேக்கலயே.

போர்ட்டல் அப்பா

தெரியும் தம்பி. என் மகனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லல.

குளிர்நாட்டு டிஏ

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். நாப்பது யார்ட், நீங்க சொல்றது வலிக்குது, ஆனா நான் என்எஃப்எல் பத்தி கேக்கல. 12 மேட்ச், ஒரு சீசன், அவ்ளோதான் கேக்கறேன் அவனுக்காக.

போர்ட்டல் அப்பா, உங்க கடைசி வரிய படிச்சுட்டு சொல்லணும்னு தோணுச்சு. போன வாரம் ஆஃபீஸ் அவர்ஸுக்கு வந்தான், இந்த செமஸ்டர் என் கிளாஸ் கூட இல்ல. ரிக்ரஷன் டவுட்டுன்னான். அது முடிஞ்சப்புறம் நானே ஆரம்பிச்சேன், அன்னைக்கு நீ 105ன்னு சொன்னப்ப எனக்குப் புரியலப்பா, மன்னிச்சுக்கோன்னு. பரவால்லன்னான். ஸ்பிரிங் ரோஸ்டர்ல பேர் இருக்குன்னான், ஆகஸ்ட் கேம்ப் முடிஞ்சாத்தான் கன்ஃபர்ம். போறப்ப கதவுகிட்ட நின்னு ஃபோன எடுத்து ஒரு வீடியோ காட்டினான். உள் மைதானம், யாரும் இல்ல, லைட் பாதிதான் எரியுது, அதே கார்னர் ரூட். எறியறது அதே குவாட்டர்பேக். பந்து கொஞ்சம் தள்ளிப் போகுது, இவன் வெரல் நுனில புடிக்கிறான், வீடியோக்கு வெளிய இருந்து குவாட்டர்பேக் குரல் கேக்குது, இன்னொரு தடவன்னு.

சீசன் முதல் மேட்ச்சுக்கு டிக்கெட் எடுத்துட்டேன், அதே மூலை, கீழ் வரிசை.