காஸ்டிக் ஹோஸ் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை, எதை வாங்குவது?

வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். காஸ்டிக் சோடா கரைக்கும் தொட்டியிலிருந்து மெஷின் பக்கத்து டேங்குக்கு 2 இன்ச் பிரெய்டட் (நூல் பின்னல் வைத்த) பிவிசி ஹோஸில் பம்ப் செய்கிறோம். புதிதில் நன்றாக வளைகிறது, மூன்று நான்கு மாதத்தில் கட்டை மாதிரி விறைத்து கிளாம்ப் ஓரத்தில் விரிசல் விடுகிறது. போன வாரம் அங்கிருந்து பீய்ச்சியடித்து, கூட வேலை செய்யும் தம்பி கையில் பட்டுவிட்டது. உடனே தண்ணீரில் பிடித்ததால் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கடையில் விட்டான் ஹோஸ் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்கிறார்கள். வாங்கலாமா? துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் அதையே வைக்கலாமா?

பதில்:
விட்டான் வேண்டாம் சார். எண்ணெய்க்கும் பல அமிலங்களுக்கும் அருமையான ரப்பர்தான், சூடான காஸ்டிக்கில் மட்டும் அது நிற்காது. விலை கூடினால் எல்லாவற்றையும் தாங்கும் என்று கெமிக்கல் ஹோஸில் கணக்குப் போடவே கூடாது. நீங்கள் சூட்டைச் சொல்லவில்லையே, பம்ப் செய்யும்போது எவ்வளவு?

கேட்டவர்:
காஸ்டிக்கை பிளேக்ஸாக (செதில்களாக) வாங்கிக் கரைக்கிறோம். கரைத்த உடனே ஏற்றிவிடுவோம். இன்று பார்த்தேன், 75 டிகிரி.

பதில்:
அப்போ இதுதான் காரணம். சாதாரண பிவிசி ஹோஸுக்கு 60 டிகிரியே உச்சம், அந்தச் சூட்டில் அது தாங்கும் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். அதோடு பிவிசியை மெத்தென்று வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரை காஸ்டிக் உறிஞ்சிவிடும், அதனால்தான் விறைக்கிறது. ஆறவிட்டு ஏற்றுங்கள், ஈபிடிஎம் என்ற ரப்பர் உள்பூச்சு உள்ள கெமிக்கல் ஹோஸ் வாங்குங்கள், உங்கள் அடர்த்திக்கும் சூட்டுக்கும் தாங்கும் என்று எழுதியே வாங்குங்கள். ஹோஸை இணைக்கும் கப்ளிங் எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இருக்கட்டும். அலுமினிய கேம்லாக் (கைப்பிடி மடக்கிப் பூட்டும் கப்ளிங்) மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள், காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். திருகு கிளாம்புக்குப் பதில் கடையிலேயே கிரிம்ப் செய்து (மெஷினில் இறுக அழுத்திப் பொருத்தி) பிரஷர் டெஸ்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இன்னொருவர்:
பெராக்சைடுக்குத் தனி ஹோஸ், டெஃப்லான் உள்பூச்சு இருந்தால் நல்லது. உள்ளே காஸ்டிக் மிச்சமோ துருவோ பித்தளையோ இருந்தால் பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வெளிவரும், இரண்டு வால்வையும் மூடி நடுவில் தேங்கவிட்டால் ஹோஸே வெடிக்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு அளவு கப்ளிங் போடுங்கள், மாற்றி மாட்ட நினைத்தாலும் மாட்டாது. நீராவி லைனுக்கும் இதில் எதையும் இழுக்காதீர்கள், அதற்கு ஸ்டீம் ஹோஸ் தனி.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. முகக் கவசமும் கேட்டிருக்கிறேன்.

பதில்:
ஐ வாஷ் (கண் கழுவும் குழாய்) பக்கத்திலேயே இருக்கட்டும், கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. பழைய ஹோஸை நன்றாகக் கழுவி நாலைந்து துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் நைட் ஷிப்டில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.