ஹானர்ஸ் விண்ணப்பம்: வழிகாட்டி கையெழுத்துக்கு ஆள் இல்லை

உயிரியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹானர்ஸ் (ஆய்வோடு சேர்ந்த சிறப்புப் பட்டம்) விண்ணப்பத்துக்கு இன்னும் 12 நாள்தான். மதிப்பெண் தகுதி இருக்கிறது, இரண்டு பக்க ஆய்வுத் திட்டமும் தயார். இல்லாதது வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து மட்டும்.

பத்து மாதமாகப் பழ ஈ ஆய்வகத்தில் இருக்கிறேன். வெப்பம் கூடினால் ஈயின் வளர்ச்சி எப்படி மாறுகிறது என்பது என் கேள்வி. 25 டிகிரியில் முட்டை முழு ஈயாக ஏறக்குறைய 10 நாள் ஆகும். 29 டிகிரியில் வைத்த குப்பிகளில் அதற்கு முன்பே ஈக்கள் வந்துவிட்டன. மூன்று தலைமுறைக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஆனால் ஆய்வகத் தலைவர் அடுத்த ஆண்டு முழுக்க விடுப்பு. இதைப் போன வாரம்தான் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம், சரி.

ஏழு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இருவர் இடமில்லை என்றார்கள். தாவர மரபியல் பேராசிரியர் ஒருவர், தலைப்பை மாற்றினால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. நேரில் போனால் அறை பூட்டியிருக்கிறது. எங்கள் ஆய்வக போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிகமாக ஆய்வு செய்பவர்) வழிநடத்தத் தயார், ஆனால் நிரந்தர ஆசிரியரின் கையெழுத்துதான் செல்லுமாம். கடைசித் தேதியும் தள்ளிப்போகாது.

இந்த நிலையில் தலைப்பை மாற்றிக்கொள்வதா, இல்லை வேறு துறை ஆசிரியரை வழிகாட்டியாகவும் போஸ்ட்டாக்கை இணை வழிகாட்டியாகவும் போட்டு விண்ணப்பிப்பதா, எது தேறும்?