எச்சமா, எஞ்சலா: களைக்கொல்லி வரம்புக்கு ஒரு சொல்

அன்புடைய கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

உணவிலும் பாலிலும் முட்டையிலும் களைக்கொல்லி எவ்வளவு வரை இருக்கலாம் எனச் சட்டம் விதிக்கும் அளவுக்கு (ஆங்கிலத்தில் Maximum Residue Limit) ஏற்ற தமிழ்ச் சொல்லாக, குழுமத்தின் ஐயா ஒருவர் ‘மருந்தெச்ச அளவு’ என்றும், இன்னொரு நண்பர் ‘தெளிப்பெச்ச வரம்பு’ என்றும், வேறொருவர் ‘நச்சு வரம்பு’ என்றும் முன்மொழிந்துள்ளீர்கள். மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன்.

‘நச்சு வரம்பு’ என்பதை முதலில் தள்ளிவிடலாம். இந்த எண் நஞ்சு தொடங்கும் கோடு அன்று. பரிந்துரையில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் களைக்கொல்லியைத் தெளித்து, அறுவடைக்கு முன் விடவேண்டிய குறைந்தபட்ச நாள்களை மட்டும் விட்டு, பல வயல்களில் விளைச்சலை ஆய்வு செய்து, முறையாகப் பயிர் செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதிலிருந்து இந்த எண்ணைக் கணிக்கிறார்கள். உடல்நலக் கணக்கு தனியே நடக்கிறது. விலங்குச் சோதனையில் தீங்கு தென்படாத அளவைப் பொதுவாக 100ஆல் வகுத்து, ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவைப் பெறுகிறார்கள். மக்கள் உண்ணும் எல்லா உணவின் வழியாகவும் சேர்வது அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே வரம்பை ஏற்கிறார்கள். இந்தியாவில் இதை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம் விதிக்கிறது. உலக அளவில், உணவுத் தரங்களை வகுக்க 1963இல் தொடங்கிய கோடெக்ஸ் ஆணையம் பரிந்துரைக்கிறது. ஒரு பயிருக்கு ஒரு களைக்கொல்லியின் வரம்பு விதிக்கப்படவே இல்லையெனில், ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது அளவு தானாகவே பொருந்தும். ஈரோட்டு மஞ்சளில் அப்படியொரு பொருள் 0.02 இருந்தால் அந்தச் சரக்கு அங்கே சட்டப்படி தவறியதாகும்; அதனாலேயே அது உண்டவரைக் கொல்லும் என்று ஆகாது. ‘நச்சு வரம்பு’ என்று பெயரிட்டால் செய்தித்தாள் தலைப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்பதே என் அச்சம்.

‘தெளிப்பெச்சம்’ வயலுக்குப் பொருந்தும், தொழுவத்துக்குப் பொருந்தாது. மாட்டின்மேல் யாரும் களைக்கொல்லி தெளிப்பதில்லை. உடுமலை, பொங்கலூர்ப் பக்கம் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்னும் களைக்கொல்லி அடிக்கிறார்கள்; மணி கோழித் தீவனத்துக்கும், தட்டு (அறுவடைக்குப்பின் மிஞ்சும் தண்டு) மாட்டுக்கும் போகிறது. ஆகவே கால்நடைப் பொருள்களுக்கான வரம்பைத் தீவனத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். தீவனப் பயிர்கள் ஒவ்வொன்றிலும் மிஞ்சக்கூடியதைக் கூட்டி, மாடோ கோழியோ நாளொன்றுக்கு எவ்வளவு உட்கொள்ளும் என்று கணித்து, அதே அளவையும் அதன் சில மடங்குகளையும் கறவை மாடுகளுக்கும் முட்டைக் கோழிகளுக்கும் ஏறத்தாழ ஒரு மாதமோ அதற்கு மேலோ கொடுத்து, பால், முட்டை, இறைச்சி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆய்வு செய்கிறார்கள். கொழுப்பில் கரையும் பொருள் வெண்ணெயில் சேரும், நீரில் கரைவது பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறும். பல களைக்கொல்லிகளுக்குப் பாலில் ஒன்றும் அகப்படுவதில்லை; அப்போது கருவி நம்பத்தக்கவாறு அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையே வரம்பாக வைத்து, கோடெக்ஸ் பட்டியலில் அதற்கு ஒரு நட்சத்திரக் குறி இடுகிறார்கள்.

‘மருந்து’ என்பது நம் உழவர் வாயில் இயல்பாக வரும் சொல்தான். ‘களைக்கு மருந்தடிச்சாச்சு’ என்றுதான் காங்கேயத்திலும் கோபியிலும் சொல்வார்கள். ஆனால் பாலைப் பற்றிப் பேசும்போது ‘மருந்தெச்சம்’ என்றால், மடிநோய்க்குப் போட்ட ஊசியின் மிச்சத்தையே பால்காரர் நினைப்பார். கால்நடை மருந்துகளுக்கும் தனி வரம்புகள் உள்ளன. இரண்டும் ஒரே ஒழுங்குமுறைத் தொகுப்பில் அடுத்தடுத்து வரும்போது இந்தக் குழப்பம் சிறியதன்று.

இனி ‘எச்சம்’. பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல், பெயரெச்சம் வினையெச்சம் என்று இலக்கணத்தில் பழகியது, ஆகையால் விலக்க மனம் வரவில்லைதான். எனினும் நாமக்கல் பண்ணையாளரிடம் ‘கோழி எச்ச வரம்பு’ என்று அச்சிட்ட தாளை நீட்டினால், எரு வண்டிக்கு ஏதோ புதுக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்றே அவர் படிப்பார். முட்டையும் கோழி இறைச்சியும் முதன்மையாக இடம்பெறும் ஒரு துறையில் இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது.

அதே ‘எஞ்சு’ என்னும் வினையடியிலிருந்து ‘எஞ்சல்’ என்று கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. தெளித்த பொருள் அப்படியே மிஞ்சினாலும், செடியிலோ விலங்கின் உடலிலோ சிதைந்து வேறொன்றாக மிஞ்சினாலும் இச்சொல் இரண்டையும் தாங்கும். இது தேவையானது; ஏனெனில் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிக்கு மக்கள் உட்கொள்ளும் அளவைக் கணிக்கும்போது அதன் சிதைபொருளான அம்பாவையும் (AMPA) சேர்த்தே எண்ணுகிறார்கள். ‘அளவு’ என்பதை ஆய்வகம் கண்டறியும் எண்ணுக்கு விட்டுவிட்டு, சட்டம் விதிக்கும் எண்ணுக்கு ‘மேல்வரம்பு’ என்போம். ‘எஞ்சல் அளவு எஞ்சல் மேல்வரம்பைத் தாண்டியது’ என்று எழுதினால் எது கண்டது, எது விதித்தது என்பது மயங்காது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமே களைக்கொல்லிகளையும் ஆள்வதால், கலைச்சொல்லுக்குள் ‘களை’ என்பதை நுழைக்க வேண்டாம். தேவையான இடத்தில் முன்னொட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் இவ்வாறு பதியலாம்: எஞ்சல் மேல்வரம்பு – பயிர்ப்பாதுகாப்புப் பொருளைப் பரிந்துரைப்படி பயன்படுத்தியபின் உணவிலோ தீவனத்திலோ இருக்கச் சட்டம் இசையும் மிகுதியான செறிவு, கிலோவுக்கு மில்லிகிராமில் குறிக்கப்படும். மறுப்பு இருப்பின், குறிப்பாகக் கால்நடை மருத்துவத் துறையினர், எழுதுங்கள்.