மூணு கேமரா பனோரமா: மலை ஒட்டுது, டச் லைன் ஒட்ட மாட்டேங்குது

காட்பாடி கோலி:
வணக்கம் மக்களே. காட்பாடி பக்கம் ஒரு கிரவுண்ட்ல பசங்க ஃபுட்பால் மேட்ச் எடுக்கிறோம், முழு கிரவுண்டும் ஒரே வீடியோல வேணும்னு கோச் கேக்குறாரு. ஒரே கம்பத்துல மூணு ஆக்‌ஷன் கேமரா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாண் இடைவெளி. ஆட்டோ ஸ்டிச் (சாஃப்ட்வேரே மூணு படத்தையும் ஒட்டுறது) குடுத்தா பின்னாடி மலை சூப்பரா ஒட்டுது, ஆனா டச் லைன் (கிரவுண்டோட பக்கவாட்டுக் கோடு) ஜாயின்ட்ல ஒடைஞ்சு நிக்குது, அந்த எடத்துல ஓடுற பையனுக்கு மூணு காலு! கேமராவ எப்படித் திருப்பி வச்சாலும் இதே கதைதான். என்ன பண்ணலாம்?

சத்துவாச்சாரி டெக்கி:
மலை ஒட்டுதுன்னு சொன்னீங்க பாருங்க, வெவகாரமே அதான் ப்ரோ. ஆட்டோ மோடு மலை, மரம், கட்டடத்துல தான் ரெண்டு படத்துக்கும் பொதுவான புள்ளி புடிக்கும், வெறும் புல்லுல புடிக்க அதுக்கு ஒண்ணும் கெடைக்காது. லென்ஸ் 20 செ.மீ. தள்ளி இருந்தா, 90 டிகிரி கவர் பண்ற 4கே கேமரால, 5 மீட்டர்ல நிக்கிறவன் மலையோட பாத்தா 75 பிக்சல் கிட்ட நகந்து தெரிவான், 50 மீட்டர்ல நிக்கிறவன் 7, 8 பிக்சல் தான். அதனால மொதல்ல செஸ் போர்டு பிரிண்ட் வச்சு லென்ஸ் படத்துல உண்டாக்குற வளைவ எடுத்துடுங்க, அப்புறம் ரெண்டு கேமராவும் பாக்குற ஏரியால ஏழெட்டு கோன் தரைல சிதறி வைங்க, ஒரே வரிசைல வேணாம். கோனோட அடிய மட்டும் கையால மார்க் பண்ணி ஓபன்சிவில (படங்கள அலசுற இலவச சாஃப்ட்வேர்) ஹோமோகிராஃபி போடுங்க, அதாவது ஒரு படத்தோட தரைய இன்னொரு படத்தோட தரை மேல பொருத்துற கணக்கு, கோடு ஒட்டிக்கும். மலை ஒடையும், ஒடைஞ்சா ஒடையட்டும், மேட்ச் பாக்குறவன் மலையையா பாக்கப் போறான்.

காட்பாடி கோலி:
தரை சரி, தலை?

சத்துவாச்சாரி டெக்கி:
தலை கொஞ்சம் பிசகும், கிட்ட இருக்கிறவனுக்கு அதிகமா. லென்ஸ ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வைங்க. இடது கேமரா வலது பக்கம் பாக்கட்டும், வலது கேமரா இடது பக்கம், லென்ஸ் ரெண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கும்.

ராணிப்பேட்டை பெருசு:
இன்னாபா கோணத்தையே பேசிக்கினு கீறீங்க, டைம எவனும் பாக்கலியே. செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல ஒரே ஒரு ஃப்ரேம் தள்ளிப் போச்சுன்னா, ஓங்கி அடிச்ச பந்து ஒரு மீட்டர் தள்ளி நிக்கும், ஜாயின்ட்ல பந்து ரெண்டாத் தெரியும் இல்லாட்டி காணாமப் போவும். ஆரம்பத்துல ஒருதபா, ஹாஃப் டைம்ல ஒருதபா கேமரா முன்னாடி கை தட்டு, அந்தத் தட்ட வச்சு மூணு வீடியோவையும் ஒரே டைமுக்கு கொண்டா, ஏன்னா ஒவ்வொரு கேமரா கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமா வெலகும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (கலர் சாயல்) எல்லாம் லாக், ஸ்டெபிலைசேஷன் (கேமராவே ஆட்டத்த சரி பண்றது) கட்டாயம் ஆஃப், அது ஆன்ல இருந்தா ஒவ்வொரு கேமராவும் அதது இஷ்டத்துக்கு படத்த நகத்தும், நீ போட்ட கணக்கெல்லாம் வேஸ்ட். லைட் வெளிச்சத்துல எடுத்தா ஷட்டர் 1/50 இல்லாட்டி 1/100, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்கு ஒத்துப் போவலன்னா படம் மினுக்கும்.

காட்பாடி கோலி:
ரொம்ப தேங்க்ஸ்ணா. கம்பம் காத்துல ஆடுதே, அது பிரச்சனையா?

ராணிப்பேட்டை பெருசு:
மூணும் ஒரே தகட்டுல முறுக்கியிருந்தா ஒண்ணா தான் ஆடும், ஜாயின்ட் போவாது. தனித்தனி கிளாம்ப்னா தினம் கோன் வைக்க வேண்டியதுதான். வெயில் நேரத்துக்கு மேல ஒரு அட்டை கட்டிடு, மே மாச வேலூர்ல கேமரா சூடாயி பாதி மேட்ச்ல படுத்துக்கும்.