ஸ்கூல்லயே நடக்கற சாயங்கால கிளப், லீவு கிளப்: புள்ளைங்கள எப்படிப் பாத்துக்கறாங்க? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

தூக்கம் தொலைச்சவ:
நடந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல, அதான் இங்க வந்து கொட்றேன். பொண்ணுக்கு ஆறு வயசு. ஸ்கூல் விட்டதும் அங்கயே ஹால்ல நடக்கற கிளப்ல இருப்பா, நான் ஆபீஸ் முடிச்சுட்டுப் போய் கூட்டிட்டு வருவேன். அன்னிக்குப் போனா ஹால்ல அவளக் காணோம். அங்க இருந்த பொண்ணு, புது ஸ்டாஃப், ரிஜிஸ்டரப் பாத்துட்டு "இருக்காளே, டிக் போட்டிருக்கே"ங்குது. டிக் இருக்கு, புள்ள இல்ல.

ஓடிப்போய்த் தேடினா, அவ கிளாஸுக்கு வெளிய பை மாட்டற இடத்துல, பெஞ்சுல, முதுகுல இருந்த பையக்கூட கழட்டாம உக்காந்திருக்கா. அந்த வராண்டா லைட் ஆள் அசைஞ்சாதான் எரியும், சும்மா இருந்தா அணைஞ்சிடும். நான் கதவத் தொறந்ததும்தான் லைட்டே வந்துச்சு. என்னப் பாத்து அழக்கூட இல்ல. "மொதல்ல எல்லாம் அணையறப்ப கைய ஆட்டினேன்மா, அப்புறம் கை வலிச்சுது"ன்னா. ஒன்றரை மணி நேரம்ங்க.

வழக்கமா கிளப்புக்குக் கூட்டிட்டுப் போய் விடற மிஸ் அன்னிக்கு லீவாம். பதிலுக்கு வந்தவங்க "இங்கயே உக்காரு, வந்து கூப்பிடுவாங்க"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. கிளப்ல புக்கிங் லிஸ்ட்ட வச்சு மொத்தமா டிக் அடிச்சிருக்காங்க, மூஞ்சியப் பாத்து அடிக்கல. ஸ்கூல்ல கேட்டா பெல் அடிச்சதுக்கப்புறம் கிளப் பொறுப்புங்கறாங்க, கிளப்ல கேட்டா எங்க கைக்கு வந்தாத்தான எங்க பொறுப்புங்கறாங்க.

பழைய சைக்கிள்:
படிக்கவே பதறுது சிஸ்டர். எங்களுக்கும் இதே ஸ்கூலா கிளப்பாங்கற கதைதான், ஆனா இன்ஹேலர் மேட்டர். பையனுக்கு வீசிங் உண்டு, ஸ்கூல் ஃபார்ம்ல எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு, இன்ஹேலர், அத மாட்டி இழுக்கற குழாய் ஸ்பேசர், ரெண்டும் ஆபீஸ் ரூம்ல இருக்கு, நாங்களும் நிம்மதியா இருந்தோம். கிளப் நடத்தறது வெளியாளுங்க, அவங்களுக்குத் தனி ஃபார்ம், தனி மருந்து குடுக்கணும்னு யாரும் சொல்லவே இல்ல. நான் கூப்பிடப் போன நேரம், கழுத்துக்குக் கீழ குழி விழுந்து விழுந்து மூச்சு வாங்கறான், தோள் ரெண்டும் மேல மேல ஏறுது. மருந்து இருக்கற ரூம் பூட்டிருக்கு, சாவி வச்சிருக்கறவர் பின்பக்கம் எங்கயோ. அந்தக் கண்ணாடிக் கதவு வழியா நீல இன்ஹேலர் பெட்டியில கெடக்கறது தெரியுது, அதான் இன்னிக்கும் கண்ணுலயே நிக்குது. நாலஞ்சு நிமிஷத்துல சாவி வந்துச்சு, புள்ள தப்பிச்சான். இப்ப ரெண்டு செட், ஒண்ணு அவன் பையிலயே இருக்கு.

முன்னாள் கிளப் ஆளு:
எல்லாரும் ஸ்டாஃப்பத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நான் மூணு வருஷம் இந்த வேல பாத்தவ. 26 புள்ளைங்க, ரெண்டு பேரு. பாத்ரூம் ஹாலுக்கு அந்தக் கோடி. ஒரு குட்டிக்கு "வருது வருது"ன்னா ஒருத்தி கூடப் போகணும், அப்ப ஹால்ல ஒருத்திதான். அந்நேரம் ரெண்டு பேரு அடிச்சுக்குவாங்க, ஒருத்தருக்கு மூக்குல ரத்தம் வரும், போன் அடிக்கும், கேட்ல அப்பா நிப்பாரு. டிக் தப்புதான், நான் நியாயப்படுத்தல, ஆனா அந்தப் புதுப் பொண்ணுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களான்னு கேளுங்க.

என்னோடது வேற மாதிரி. ஒரு நாள் ஒருத்தர் வந்து "நான் மாமா, அவங்க அம்மா அனுப்பினாங்க"ன்னாரு. லிஸ்ட்ல பேரு இல்ல. பையன் "மாமா!"ன்னு ஓடிப்போய் கால கட்டிக்கிட்டான். அம்மாவுக்குப் போன் போகல. நான் விடல. அவர் கத்தின கத்துல புள்ளைங்க எல்லாம் வெளயாட்ட நிறுத்திட்டு என்னையே பாக்குதுங்க, பையன் வேற அழறான். நாப்பது நிமிஷம் கழிச்சு அம்மா கூப்பிட்டு, ஆமா எங்கண்ணன்தான்னாங்க. மறுநாள் கம்ப்ளெயிண்ட் என் மேல. அதே அம்மாதான் சேக்கறப்ப "பாதுகாப்பு எப்படி?"ன்னு பத்து கேள்வி கேட்டவங்க.

பழைய சைக்கிள்:
முன்னாள் கிளப் ஆளு, உங்களத் திட்டல. ஆனா 26க்கு ரெண்டு பேரு பத்தலன்னா கிளப் எதுக்கு 26 பேரச் சேக்குது? அது எங்க தப்பா?

முன்னாள் கிளப் ஆளு:
நடத்தறவரக் கேளுங்க. சேத்தது நான் இல்ல.

அறிவுமதி_அப்பா:
என் பையன் ஒரு தடவ நெத்தி வீங்கி வந்தான், கேட்டா யாருக்கும் எப்ப விழுந்தான்னு தெரியல. அவ்ளோதான் என் கதை. ஆனா பெற்றோர் நாமளும் சிலது தெரிஞ்சு வச்சுக்கணும். தலையில அடின்னா சின்னதா இருந்தாலும் அன்னிக்கே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நேரம் போட்டு, ஏன்னா ரெண்டு மூணு தடவ வாந்தி, தலவலி கூடிட்டே போறது, எழுப்ப முடியாத தூக்கம் இதெல்லாம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அங்க எப்ப அடிபட்டுச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அலர்ஜி இருக்கற புள்ளைக்கு அட்ரினலின் பென், அதான் அலர்ஜி முத்திப்போனா உடனே போடற ஊசி, குடுத்திருந்தா அத யாரு போடுவாங்கன்னு பேரச் சொல்லிக் கேளுங்க. தொடையில வெளிப்பக்கம், டிரஸ் மேலயே போடலாம், போட்டுட்டு படுக்க வைக்கணும், மூச்சுக்குக் கஷ்டப்பட்டா உக்கார வைக்கணும், நடக்க விடவே கூடாது, ஆம்புலன்ஸக் கூப்பிட்டே ஆகணும், அஞ்சு நிமிஷத்துல சரியாகலன்னா ரெண்டாவது பென். பூட்டின ரூம்ல பென் இருந்து பிரயோஜனம் இல்ல. வேலைக்குப் போற பெத்தவங்களோட புள்ளைங்களுக்கு காப்பக வசதி கிடைக்க அரசுங்க வழி செய்யணும்னு 1989 ஐநா குழந்தை உரிமை ஒப்பந்தம் 18வது பிரிவுலயே இருக்கு, 31வது பிரிவு விளையாட்டும் ஓய்வும் உரிமைங்குது. நம்ம யாரும் அதப் படிக்கறதில்ல. அப்புறம் புள்ளைக்கு நம்ம போன் நம்பர் மனப்பாடமா தெரியணும், பாட்டா பாடச் சொல்லிக் குடுங்க. பொண்ணுகிட்ட முன்னாடியே "யாரும் வரலன்னா ஆபீஸுக்குப் போ"ன்னு சொல்லி வச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

மெளகாப்பொடி:
அண்ணா, கடைசி வரி தேவையா? "இங்கயே உக்காரு"ன்னு பெரியவங்க சொன்னாங்க, ஆறு வயசுப் புள்ள உக்காந்துச்சு. அதுல அது மேல என்ன தப்பு.

நல்லதும் ஒண்ணு சொல்லிடறேன். லீவு கிளப், முழு நாள், வேற வேற ஸ்கூல் புள்ளைங்க, அஞ்சு வயசும் பதினோரு வயசும் ஒரே ஹால்ல. என் சின்னவனுக்கு சத்தம் ஆகாது, காத மூடிக்கிட்டு மேசைக்கடியில போயிடுவான். மத்த எடத்துல எல்லாம் இழுத்து வெளிய விடுவாங்க. இங்க ஒரு அக்கா, காலேஜ் முடிச்ச வயசுதான் இருக்கும், மூலையில தரையில டேப் ஒட்டி ஒரு கட்டம் போட்டுக் குடுத்துச்சு. "இது உன் எடம், உன்னக் கேக்காம யாரும் வர முடியாது, நானே வந்தாலும் கேப்பேன்." கேட்டுட்டேதான் உள்ள வந்துச்சாம் ஒவ்வொரு தடவயும். வெள்ளிக்கெழம போறப்ப கட்டத்துக்குள்ள மூணு பசங்க. அடுத்த லீவுக்கு போனா அந்த அக்கா இல்ல, சம்பளம் பத்தாம வேற வேலைக்குப் போயிடுச்சாம். டேப் ஒட்டுன தடம் மட்டும் தரையில இருந்துச்சு, இவன் அதுக்குள்ளயே போய் நின்னான்.

தூக்கம் தொலைச்சவ:
எல்லாருக்கும் நன்றி. அறிவுமதி அண்ணா, நம்பர் அவளுக்கு மனப்பாடம்தான், வராண்டாவுல போன் இல்ல. ஸ்கூல்லயும் கிளப்லயும் எழுதிக் குடுத்தேன், இப்ப ஒரு நோட்டு வச்சு புள்ளைங்கள ஒப்படைக்கறப்ப ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடறாங்க. முன்னாள் கிளப் ஆளு, நீங்க சொன்னப்புறம் அந்தப் புதுப் பொண்ணுகிட்டப் பேசினேன், அது வேலைக்குச் சேந்த ரெண்டாவது நாளாம் அது. லீவுக்கும் அங்கயேதான் புக் பண்ணியிருக்கேன், வேற எடம் இல்ல. இவ என்னன்னா தூங்கறப்ப பெட்ரூம் லைட் அணைச்சா கைய ஆட்டிப் பாக்கறா.