கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பருவம் (1899): 16–5 என்ற தோல்வியை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்காகக் கூடைப்பந்து வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித்தே 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குப் பணியாற்ற வந்து, அங்கே அணியையும் தொடங்கினார். ஆனால், 1899 பிப்ரவரி 3 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் அந்த அணி கன்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறித்தவ சங்கம்) அணியிடம் 16–5 என்ற கணக்கில் தோற்றது. பருவ முடிவில் 7 வெற்றி, 4 தோல்வி. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் அணி ஏன் இப்படித் தொடங்கியது? ஒரு முழு ஆட்டத்தில் ஐந்தே புள்ளிகள் எடுப்பது அன்று இயல்பான ஒன்றா?

மறுமொழி 1:
இன்றைய ஆட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த எண்கள் விளங்கா. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்து நடுவட்டத்திற்குத் திரும்பி, மீண்டும் ஜம்ப் பாலுடன்தான் (நடுவர் மேலே எறியும் பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒருவர் எம்புவது) ஆட்டம் தொடங்கும். இந்த வழக்கம் 1937 வரை நீடித்தது. எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை யார் முதலில் பிடிக்கிறாரோ அவருடைய அணிக்கே அது சொந்தம் என்பதால், அதற்காக நடந்த தள்ளுமுள்ளிலும் நேரம் கரைந்தது. கூடைகளின் அடிப்பக்கமோ மூடியிருந்தது. உள்ளே விழுந்த பந்தை வெளியே எடுத்த பிறகே அடுத்த ஜம்ப் பால். புள்ளிகளும் இன்றுபோல் இல்லை: தொடக்கத்தில் ஒரு கூடைக்கு ஒரே புள்ளி, 1896இல்தான் கூடைக்கு இரண்டும் ஃப்ரீ த்ரோவுக்கு (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) ஒன்றும் என மாறியது. ஆகவே ஐந்து புள்ளி என்பது, ஃப்ரீ த்ரோக்களையும் சேர்த்து, அதிகம் போனால் இரண்டு கூடைகள்தாம்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்ன விதிகள் சரியே; ஆனால் அவை முழு விடையாகா. 1897 மார்ச் 20 அன்று யேல் பல்கலைக்கழக அணி பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியை 32–10 என்று வென்றது. அதாவது, கன்சாஸின் முதல் ஆட்டத்திற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஏறத்தாழ இதே விதிகளின் கீழ், ஓர் அணியால் முப்பது புள்ளிகளைத் தாண்ட முடிந்திருக்கிறது. எனவே பழக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1892 ஜனவரியில் விதிகள் அச்சாகியதும் ஆட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவை ஒய்.எம்.சி.ஏ. கிளைகள், கல்லூரிகள் பின்னால் வந்து சேர்ந்தவை. முதல் ஆட்டம் ஆட வந்த மாணவர்கள், பழகிய நகர அணியிடம் தோற்றதில் வியப்பு என்ன இருக்கிறது? நம் சென்னையிலும் 1920இல் உடற்கல்விக்கெனத் தனிக் கல்லூரியைத் தொடங்கியது ஒய்.எம்.சி.ஏ.தான் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நைஸ்மித் கன்சாஸுக்குக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வரவில்லை. வழிபாட்டுக்கூடப் பொறுப்பும் உடற்கல்வியும்தான் அவரது பணி. அதே 1898இல்தான் டென்வரில் மருத்துவப் பட்டமும் பெற்றிருந்தார். 1907 வரை அந்த அணி அவர் பொறுப்பில் பெற்றது 55 வெற்றி, 60 தோல்வி. கன்சாஸ் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்சியாளர் அவரே என்று இதைக் கேலியாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அந்தக் கேலி பொருத்தமாகத் தோன்றவில்லை. கூடைப்பந்து ஆடுவதற்குரியதே தவிர ஒருவர் பயிற்றுவிப்பதற்குரியது அன்று என்று நம்பிய மனிதரை, பயிற்சியாளருக்கான அளவுகோலால் அளப்பது முறையன்று.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. யேல் ஆட்டத்தை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். ஒரே ஓர் ஐயம்: ஒய்.எம்.சி.ஏ. போன்ற வெளி அணிகளுடன் ஆடிய ஆட்டங்களையும் சேர்த்த இந்த 7–4ஐக் கல்லூரிப் பருவம் என்று எழுதலாமா?

மறுமொழி 3:
தாராளமாக எழுதலாம்; எதிரணிகள் எத்தகையவை என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். கல்லூரிகள் மட்டும் மோதும் முறையான தொடர் அந்தப் பகுதியில் அப்போது இல்லை. கன்சாஸ் சேர்ந்த மிசூரி பள்ளத்தாக்குக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பே 1907இல்தான் உருவானது. அதன் பட்டத்தை 1908இல் கன்சாஸ் வென்றபோது பொறுப்பில் இருந்தவர் ஃபாக் ஆலன். நைஸ்மித்தின் அணியில் ஆடியவர் அவர். பயிற்சியாளர் தேவையில்லை என்ற ஆசிரியரின் கருத்தை ஏற்காமல் அதையே தொழிலாகக் கொண்டு, கன்சாஸுக்கு மட்டும் 590 வெற்றிகளைப் பெற்றுத் தந்தார். உங்கள் கட்டுரையில் 55–60க்கு அடுத்த வரியில் இந்த எண்ணை வைத்தால், மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.