லைக் வைல்ட்ஃபயரா, லைக் எ வைல்ட்ஃபயரா? அந்த 'எ' வருமா வராதா

கடைமடைக்காரன்:
நமக்கு திருத்துறைப்பூண்டி பக்கம். காலேஜ் மலருக்கு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன், ஜூன் 12 மேட்டூர்ல தண்ணி தொறந்த அன்னிக்கு எங்க ஊரு எப்படி இருந்துச்சுன்னு. அதுல 'தி நியூஸ் ஸ்ப்ரெட்டட் லைக் எ வைல்ட் ஃபயர்'னு ஒரு வரி வரும், மேடம் அந்த ஒரே வரில மூணு சுழி சுழிச்சு ஒண்ணும் சொல்லாம திருப்பிக் குடுத்துட்டாங்க. ஸ்ப்ரெட்டுக்கு இறந்த காலமும் ஸ்ப்ரெட்தான்னு டிக்ஷனரி பாத்து புரிஞ்சுகிட்டேன். மத்த ரெண்டு சுழி எதுக்கு? காட்டுத்தீ ஒண்ணுதானே, அப்ப 'எ' போடணும்ல?

மன்னை வாத்தியார்:
தம்பி, வைல்ட்ஃபயர் சேத்து எழுதுற ஒரே வார்த்தை, நடுவுல எடம் விட்டதுக்கு ஒரு சுழி. இன்னொண்ணு அந்த 'எ'க்குதான். சேதி பரவுனத சொல்றப்ப வெறும் 'லைக் வைல்ட்ஃபயர்'தான். அந்தக் காலத்துல காட்டுல எரியுறதுக்கு மட்டும் இல்ல, சண்டையில எதிராளி மேல வீசுவாங்கள்ல, தண்ணி ஊத்துனாலும் லேசுல அணையாத எரி சரக்கு, அதுக்கும் வைல்ட்ஃபயர்னுதான் பேரு. எண்ணெய், தாரு மாதிரி ஒரு சரக்குன்னு நெனச்சுக்க, 'எ ஆயில்'னா சொல்லுவோம்? ஷேக்ஸ்பியரே 1594ல வந்த லுக்ரீஸ் கவிதைல பேச்ச வைல்ட்ஃபயரோட ஒப்பிடுறாரு, அங்கயும் 'எ' கெடையாது. நெசமாவே ஒரு காடு எரிஞ்ச கதைய எழுதுனா 'எ வைல்ட்ஃபயர்' தாராளமா போடலாம். அப்பறம் பரவுற சமாச்சாரத்துக்குதான் இது, பசங்க 'ஹி ரேன் லைக் வைல்ட்ஃபயர்'னு எழுதிக்கிட்டு வர்றானுவ, தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கும்.

குடந்தை டிகிரி காபி:
நீங்க சுழியோட தப்பிச்சீங்க. நான் வெளிநாட்டு மேனேஜருக்கு லீவு கேட்டு மெயில் போட்டேன், ஊட்ல அம்மாவுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம், நான் போய் பஞ்சாயத்து பண்ணாதான் ஆச்சுன்னு சொல்ல வந்து 'தே ஆர் கெட்டிங் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்'னு எழுதித் தொலைச்சுட்டேன். நம்மூர்ல வீடு பத்தி எரியுதுன்னா சண்டைதானே! அவரு 'கேக்கவே சந்தோஷமா இருக்கு, அப்பறம் லீவு எதுக்கு'ன்னு பதில் போட்டாரு. இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு பேரும் பாத்த மாத்திரத்துல ஒட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தமாம். இதுல மட்டும் 'எ' வரும் சார், வீட்ட எண்ணலாம்ல.

வெண்ணாத்தங்கரை:
வாத்தியார் சொன்னது சரி. ஆனா தம்பி, தண்ணி வந்த சேதிக்கு போயி நெருப்பா? அதுவும் காட்டுத்தீ, நம்ம பக்கம் காட்ட எங்க பாத்தோம். நாம பாத்த தீ வேற. சித்திர வெயில்ல ஒரு கூரை புடிச்சா எரியிற கீத்து காத்துல பறந்து நாலாவது வீட்டு மேல போய் உக்காரும். வைக்கப்போர் புடிச்சா அப்புடி இல்ல, மேல கொடம் கொடமா ஊத்தி அணைச்சுட்டோம்னு வந்து படுத்தா விடியக்காலைல திரும்ப பொகையும், உள்ளுக்குள்ளயே கனிஞ்சுகிட்டு கெடக்கும், பிரிச்சுப் போட்டாதான் அடங்கும். பங்காளிப் பகைய பத்தி எழுதுறப்ப அத எழுது, 'லைக் ஃபயர் இன் எ ஹேஸ்டேக்'னு. இதெல்லாம் எல்லாரும் எழுதித் தேஞ்சது இல்ல.

கடைமடைக்காரன்:
நன்றிண்ணே, நன்றி சார். யோசிச்சு பாத்தா அன்னிக்கு சேதி ஒண்ணும் பரவவே இல்ல, காலைலயே எல்லாரும் போன்ல பாத்துட்டாங்க, அப்பறம் தெனமும் வாய்க்கா மதகுல போய் நின்னு எட்டிப் பாத்துட்டு வந்ததுதான் மிச்சம். தீயவே தூக்கிட்டேன். இப்ப வரி இதான்: 'தி நியூஸ் ரீச்ட் அஸ் டென் டேஸ் பிஃபோர் தி வாட்டர் டிட்.' நாளைக்கு மேடம்கிட்ட குடுக்குறேன்.

மன்னை வாத்தியார்:
குடு குடு. சுழிச்சாங்கன்னா என்கிட்ட சொல்லு.